அப்பா அம்மாவோடு நயாகரா: நியூஜெர்சியிலிருந்து காரில் போய்வர ஒரு வழிகாட்டி

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்து இறங்கிய மறுவாரமே கோயிலில் பார்ப்பவர்கள், பக்கத்து அபார்ட்மெண்ட்காரர்கள், வாட்ஸ்அப்பில் அத்தை, சித்தப்பா என்று எல்லாரும் கேட்பது ஒன்றைத்தான்: "நயாகரா போயாச்சா?" எடிசன், பிஸ்கேட்டவே பக்கம் இருப்பவர்களுக்கு நயாகரா சுமார் 400 மைல். ஜிபிஎஸ் ஆறரை, ஏழு மணி நேரம் என்று காட்டும். நண்பர்களோடு போகும்போது சனிக்கிழமை விடியற்காலை கிளம்பி ஞாயிறு நள்ளிரவு திரும்பியிருப்பீர்கள். அறுபது எழுபது வயதுக்காரர்களை அப்படி அழைத்துப் போகாதீர்கள். நான்கு பகல், மூன்று இரவு ஒதுக்குங்கள். அந்தக் கணக்கில்தான் இதை எழுதுகிறேன்.

முதல்முறையாகப் பெற்றோரை வரவழைத்திருப்பவர்களுக்கு ஒரே ஒரு விதி சொல்வேன். ஒரு நாளைக்கு ஒரு பெரிய இடம், அதற்கு மேல் வேண்டாம். இனி வரும் எல்லாமே இந்த விதியிலிருந்து வருவதுதான்.

எப்போது கிளம்புவது

வந்து பத்து நாளாவது ஆகட்டும். கோடைக்காலத்தில் நமக்கும் ஊருக்கும் ஒன்பதரை மணி நேர வித்தியாசம். இரண்டு மணிக்கு விழித்துக்கொண்டு, மத்தியானம் சோபாவில் கண் சொருகும் நிலையில் காரில் ஏற்றினால், வழியெல்லாம் தூங்கிவிட்டு ராத்திரி ஓட்டல் அறையில் கொட்டக்கொட்ட விழித்திருப்பார்கள்.

அந்தப் பத்து நாளில் ஒரு ஒத்திகை பார்த்துவிடுங்கள். பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கோ, 2023-ல் திறந்த ராபின்ஸ்வில் அக்ஷர்தாமுக்கோ ஒரு நாள் கூட்டிப் போங்கள். அக்ஷர்தாம் பெரிய வளாகம், நிறைய நடக்க வேண்டும். எவ்வளவு தூரம் நடந்ததும் அம்மா உட்கார இடம் தேடுகிறார், அப்பா எத்தனை மணிக்கு ஒருமுறை பாத்ரூம் கேட்கிறார், காரில் எவ்வளவு நேரத்தில் கால் வீங்குகிறது என்று கவனித்துக்கொள்ளுங்கள். கேட்டால் சொல்ல மாட்டார்கள், கவனித்தால்தான் தெரியும். நயாகராவில் எதைப் பார்ப்பது, எதை விடுவது என்பதை இந்த ஒரு நாளே சொல்லிவிடும்.

மாதத்தைப் பொறுத்தவரை ஜூன் முதல் பாதியும் செப்டம்பரும் நல்லவை. அருவிக்குப் பக்கத்தில் கூட்டிப்போகும் படகு குளிர்காலத்தில் ஓடாது; வசந்த காலத்தில் தொடங்கி நவம்பர் தொடக்கத்தோடு நின்றுவிடும். ஜூலை 4, செப்டம்பர் முதல் திங்கள் வருகிற லேபர் டே ஆகிய நீண்ட வார இறுதிகளைத் தவிருங்கள். வரிசையில் நிற்பதிலேயே பெரியவர்களின் தெம்பு போய்விடும். லீவு போட முடிந்தால் செவ்வாய், புதனில் அருவியைப் பார்ப்பதுபோல் திட்டமிடுங்கள்.

காகிதங்கள்

பாஸ்போர்ட் அசலாகவே கையில் இருக்கட்டும். வீட்டில் வைத்துவிட்டு நகல் எடுத்துப்போவது இந்தப் பயணத்துக்குச் சரிவராது. எல்லையோர ஊர் என்பதால் அங்கே பார்டர் பேட்ரோல் என்ற எல்லைக் காவலர்கள் நடமாட்டம் உண்டு. அமெரிக்கக் குடிமக்கள் அல்லாத, 18 வயது நிறைந்தவர்கள் தங்கள் பதிவு ஆவணத்தை உடன் வைத்திருக்க வேண்டும் என்பது சட்டம். பி-2 என்ற சுற்றுலா விசாவில் வந்தவர்களுக்கு அது ஐ-94 என்ற வருகைப் பதிவு. எல்லைச் சோதனைத் துறையான சிபிபியின் தளத்தில் பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் கிடைக்கும். அச்செடுத்து பாஸ்போர்ட்டுக்குள் வையுங்கள். எடுக்கும்போதே அதிலுள்ள கடைசித் தேதியையும் பாருங்கள். பெரும்பாலும் ஆறு மாதம் கொடுப்பார்கள், ஆனால் விசாவின் காலாவதித் தேதி எதுவானாலும் இந்த ஐ-94 தேதிக்குள் ஊர் திரும்பியாக வேண்டும். நீங்கள் எச்-1பி, எல்-1 விசாவில் இருந்தால் உங்களுக்கும் இதே விதிதான். உங்கள் காகிதங்களையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து கனடா. அருவியை நேருக்கு நேர் முழுசாகப் பார்க்க கனடாப் பக்கம்தான் வசதி, சந்தேகமே இல்லை. ஆனால் இந்திய பாஸ்போர்ட்டில் வந்த பெற்றோருக்கு கனடா விசா தனியாக வேண்டும். அமெரிக்க விசா இருந்தாலே கனடாவுக்குப் போகும் ரெயின்போ பாலத்தைத் தாண்டலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். நீங்கள் கிரீன் கார்டு வைத்திருந்தால் விசா இல்லாமல் போகலாம், அவர்கள் முடியாது. கனடா விசா வேண்டுமென்றால் ஊரிலிருந்து கிளம்பும் முன்பே, பல மாதம் அவகாசம் வைத்து விண்ணப்பிப்பதுதான் சரி. கனடா போய்த் திரும்பினால் ஆறு மாதம் மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்றும் கணக்குப் போடக்கூடாது.

என்னைக் கேட்டால் முதல் வருகைக்கு அமெரிக்கப் பக்கமே போதும். கனடாப் பக்கத்தில் அருவியைப் பார்க்கலாம், இந்தப் பக்கத்தில் அருவியின் விளிம்பிலேயே போய் நிற்கலாம். பெரியவர்களுக்குப் பிடிப்பது இரண்டாவது.

மருந்தும் இன்ஷூரன்ஸும்

விசிட்டர் இன்ஷூரன்ஸை அவர்கள் விமானம் ஏறும் முன்பே எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையா? இந்தப் பயணத்துக்கு முன் எடுத்துவிடுங்கள். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, ஒவ்வொரு சிகிச்சைக்கும் இவ்வளவுதான் தருவோம் என்று முன்பே தொகை குறித்து வைத்திருப்பது. பிரீமியம் குறைவு, ஆனால் இங்கத்திய ஆஸ்பத்திரி பில்லுக்கு அந்தத் தொகை எங்கேயும் போதாது. இன்னொன்று காம்ப்ரிஹென்சிவ். நீங்கள் முதலில் கட்ட வேண்டிய டிடக்டிபிள் தொகை கழிந்தபின் பில்லின் பெரும்பகுதியை உச்சவரம்புவரை ஏற்கும். முடிந்தவரை இரண்டாவதையே எடுங்கள். ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதய நோய் ஆகியவை திடீரென முற்றினால் எவ்வளவு தருவார்கள் என்ற பகுதியை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். வயது கூடக் கூட அந்த வரம்பு குறைந்துகொண்டே வரும்.

மாத்திரைகளை நான்கு நாளுக்கு எண்ணி எடுக்காமல் ஒரு வாரத்துக்கு எடுங்கள். காலை, மதியம், இரவு என்று பிரித்த டப்பாவில் போட்டாலும், மருந்தின் பெயர் தெரியும் அட்டை ஒன்றாவது கூட இருக்கட்டும். ஒரு தாளில் பிராண்டு பெயரோடு மூலப் பெயரையும் எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் டாக்டர் எழுதித்தரும் பிராண்டு பெயர்கள் இங்குள்ள மருத்துவருக்குத் தெரியாது. பாராசிட்டமாலையே இங்கே அசிடமினோஃபென் என்றுதான் சொல்வார்கள். இன்சுலின் போடுபவர் என்றால் சின்ன ஐஸ் பை. நிறுத்திய காருக்குள் எந்தக் காரணத்துக்காகவும் இன்சுலினை விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

சாதாரணக் காய்ச்சல், வயிற்றுப்போக்குக்கு எமர்ஜென்சிக்கு ஓட வேண்டாம். அர்ஜென்ட் கேர் என்று பலகை போட்ட கிளினிக்குகள் வழியெல்லாம் இருக்கும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், வாய் கோணுவது என்றால் மட்டும் நீங்களே ஓட்டிக்கொண்டு போக நினைக்காமல் 911.

செருப்பு, சேலை

நல்ல ஷூ வாங்கித் தருவதுதான் இந்தப் பயணத்துக்கு நீங்கள் செய்யும் முதல் செலவாக இருக்க வேண்டும். குனிந்து கயிறு கட்ட முடியாதவர்களுக்கு வெல்க்ரோ ஒட்டும் ஷூ, வழுக்காத அடிப்பாகம், காலின் வீக்கத்துக்கு இடம் கொடுக்கும்படி அரை அளவு பெரிது. வாங்கியதும் பயணத்துக்கு எடுத்து வைக்காமல், கிளம்பும்வரை தினமும் வீட்டைச் சுற்றி நடக்கும்போது போடச் சொல்லுங்கள். புது ஷூவோடு நயாகரா போனால் முதல் நாளே குதிகாலில் கொப்புளம் வரும்.

அம்மா சேலைதான் கட்டுவேன் என்றால் கட்டட்டும். வாயில் சேலை, காட்டன் சேலை வேண்டாம், நனைந்தால் கனக்கும். சீக்கிரம் காயும் சின்தெடிக் சேலையாக, கணுக்காலுக்கு மேல் நிற்கும்படி சற்றுத் தூக்கிக் கட்டினால் படகிலும் படியிலும் தடுக்காது. ஜூனிலும் சாயங்காலம் ஆற்றோரம் குளிரும், எனவே ஒரு ஸ்வெட்டரும் மப்ளரும் கட்டாயம்.

வண்டியும் முதல் நாள் வழியும்

நான்கு பேருக்கு உங்கள் செடான் போதும் என்று தோன்றும். ஆனால் தாழ்ந்த சீட்டில் இறங்கி ஏறுவது முழங்கால் வலிக்காரர்களுக்குப் பெரிய வேதனை. மினிவேன் ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். இருக்கை இடுப்பு உயரத்தில் இருக்கும், கதவு பக்கவாட்டில் நகரும், உட்கார்ந்து கால் நீட்டலாம். பின்சீட்டில் பெல்ட் எதற்கு என்று கேட்பார்கள். நியூயார்க் மாநிலத்தில் பின்சீட்டுப் பெரியவர்களும் பெல்ட் போட்டே ஆகவேண்டும், 2020 நவம்பரிலிருந்து இது சட்டம். சேலை கசங்காமல் பெல்ட்டுக்கு அடியில் ஒரு சின்னத் துண்டு வைத்துக் கொடுத்தால் முணுமுணுக்காமல் போட்டுக்கொள்வார்கள்.

காலை உணவு முடித்து எட்டரை, ஒன்பதுக்குக் கிளம்புங்கள். விடியற்காலைப் பயணம் எல்லாம் நமக்குத்தான்; அவர்களுக்குக் காலைக்கடன், குளியல், பூஜை, காபி எல்லாம் வரிசையாக முடிந்தால்தான் அன்றைய நாள் நன்றாக இருக்கும். ஐ-80 நெடுஞ்சாலையில் மேற்கே போய், டெலவேர் வாட்டர் கேப் தாண்டி ஐ-380, அப்புறம் ஐ-81-ல் வடக்கே பிங்காம்டன், அங்கிருந்து ஐ-86-ல் மேற்கே கார்னிங். சுமார் நான்கு மணி நேர ஓட்டம். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்துங்கள். பாத்ரூம் வேண்டுமா என்று கேட்டால் "வேண்டாம்பா" என்றுதான் பதில் வரும். "எனக்குக் காபி வேணும், எல்லாரும் இறங்குவோம்" என்று சொல்லி நிறுத்தினால் எல்லாரும் போய் வருவார்கள்.

ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். பாத்ரூம் தேட வேண்டியிருக்குமே என்று பல அம்மாக்கள் பயணத்தன்று தண்ணீரே குடிப்பதில்லை. கோடை வெயிலில், ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இது தலைச்சுற்றலில் கொண்டுபோய் விடும். கிளம்பும்போதே அடுத்து எங்கே நிறுத்தப்போகிறோம் என்று சொல்லிவிடுங்கள். இடம் இருக்கிறது என்று தெரிந்தால் குடிப்பார்கள்.

சாப்பாடு, அறை

நயாகரா நகரில் அருவிக்கு நடக்கும் தூரத்திலேயே இந்திய உணவகங்கள் பல உண்டு. ஆனால் பெரும்பாலும் வட இந்தியச் சாப்பாடு, எண்ணெயும் காரமும் தூக்கலாக இருக்கும். ஒரு வேளைக்குச் சரி. முதல் நாளுக்கு மிளகாய்ப்பொடி தடவிய இட்லியும் புளியோதரையும் கட்டிக்கொள்ளுங்கள். இரண்டாம் நாளுக்குச் சப்பாத்தியும் தக்காளித் தொக்கும் தாங்கும். கூலரில் தயிர் வைத்துக்கொண்டால் எங்கே சாதம் கிடைத்தாலும் தயிர்சாதம். காபி விஷயத்தில் ஒரு வழி சொல்கிறேன்: கெட்டி டிகாக்‌ஷன் போட்டு பாட்டிலில் ஊற்றி கூலரில் வைத்துவிடுங்கள். எந்தக் காபிக் கடையிலும் ஸ்டீம்டு மில்க் என்று கேட்டால் சுடச்சுடப் பால் கிடைக்கும். அதில் கலந்து கொடுத்தால், நானூறு மைல் தள்ளியும் அப்பாவுக்கு வீட்டுக் காபி.

அறை எடுக்கும்போது மூன்றைக் கேளுங்கள். லிஃப்ட் அல்லது தரைத்தளம். ஃபிரிட்ஜும் மைக்ரோவேவும். மூன்றாவது, பலரும் மறப்பது: தொட்டியைத் தாண்டி ஏறாமல் நேரே நடந்து போய்க் குளிக்கும் ஷவர். பாத்டப் விளிம்பைத் தாண்டும்போது வழுக்கி விழுவதுதான் இந்தப் பயணத்தில் நான் மிகவும் பயப்படும் ஒன்று, அருவியின் விளிம்பைவிட அதிகமாக. அப்படி அறை கிடைக்காவிட்டால் ஒரு ரப்பர் மிதியடி கொண்டுபோங்கள். ஒரு பிளாஸ்டிக் மக்கும். அம்மா கேட்கத் தயங்கும் பொருள் அது, நீங்களே எடுத்து வைத்துவிடுங்கள்.

வழியில் கார்னிங்

முதல் நாள் மத்தியானம் கார்னிங் வந்து சேர்ந்ததும் அறையில் ஒரு மணி நேரம் கால் நீட்டிப் படுக்கட்டும். பிறகு கார்னிங் கண்ணாடி அருங்காட்சியகம். 1951-ல் தொடங்கியது. இதைப் பரிந்துரைக்கக் காரணம், உட்கார்ந்துகொண்டே பார்க்கலாம். உலையிலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கொதிக்கும் கண்ணாடிக் குழம்பைக் குழாயின் நுனியில் எடுத்து, ஊதி, சுழற்றி, கொஞ்ச நேரத்தில் ஒரு ஜாடியாக்கிக் காட்டுவார்கள். ஆங்கிலம் புரியவேண்டிய அவசியமே இல்லை. கையும் நெருப்பும் செய்வதைப் பார்த்தால் போதும். கலிபோர்னியாவின் பாலோமர் தொலைநோக்கிக்காக 1934-ல் வார்த்து, சரியாக வராமல் போன 200 அங்குல வட்டக் கண்ணாடி இங்கேதான் நிற்கிறது. தோற்றுப்போன முயற்சியையும் பத்திரமாக வைத்திருக்கிறார்களே என்று நின்று பார்க்கத் தோன்றும்.

பக்கத்திலேயே வாட்கின்ஸ் கிளென் என்று ஒரு அழகான மலையிடுக்கு இருக்கிறது. நண்பர்கள் போகச் சொல்வார்கள். 800-க்கும் மேல் படிகள், பல இடங்களில் ஈரம். நீங்கள் தனியாக வரும்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் நாள்: அம்மனைப் பார்த்துவிட்டு அருவிக்கு

கார்னிங்கிலிருந்து ஐ-390-ல் வடக்கே போனால், ராச்செஸ்டருக்குச் சற்று முன் ரஷ் என்ற சின்ன ஊரில் ஸ்ரீ ராஜராஜேஸ்வரி பீடம் இருக்கிறது. ஸ்ரீவித்யா வழிபாட்டுக்கும் ஹோமங்களுக்கும் பெயர்பெற்ற இடம், இலங்கைத் தமிழர் ஒருவர் தொடங்கியது. சுற்றிலும் வயல், நடுவே கோயில். நெடுஞ்சாலையிலிருந்து பெரிய சுற்று இல்லை. பூஜை நேரத்தை முன்பே பார்த்துக்கொண்டு போனால் அம்மாவுக்கு இந்தப் பயணத்தில் அருவிக்கு நிகரான இடமாக இதுவே ஆகிவிடும்.

அங்கிருந்து ஐ-90-ல் மேற்கே பஃபலோ, பிறகு ஐ-290, ஐ-190 வழியாக வடக்கே நயாகரா. நியூயார்க் த்ரூவேயில் டோல் எல்லாம் காசில்லா முறைதான், எனவே டோலைத் தானாகக் கழிக்கும் இ-இசட்பாஸ் இருக்கட்டும். வாடகை வண்டி என்றால் டோல் எப்படிக் கழியும் என்று எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்.

இங்கே கவனம் தேவை. ஜிபிஎஸ்ஸில் வெறுமனே நயாகரா ஃபால்ஸ் என்று போட்டால் அது கனடாவில் இருக்கும் அதே பெயர் நகரத்தைக் காட்டலாம். நயாகரா ஃபால்ஸ் ஸ்டேட் பார்க், நியூயார்க் என்று முழுசாகப் போடுங்கள். கடைசி சில மைல்களில் கனடா பாலம் என்று பலகைகள் வரும். அந்தத் தடத்தில் மாட்டினால் நடுவில் திரும்ப வழி கிடையாது. கனடா அதிகாரியிடம் போய் விளக்கி, அங்கிருந்து திரும்பி, அமெரிக்க அதிகாரியிடமும் பதில் சொல்லித்தான் வரவேண்டும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் பலகைகளைப் பார்க்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள்.

சாயங்காலம் போய்ச் சேர்ந்ததும் அருவியை ஒரு எட்டு பார்த்துவிட வேண்டும் என்று எல்லாருக்கும் துடிக்கும். இருட்டியபின் வண்ண விளக்கு வெளிச்சத்தில், அமெரிக்க அருவியை ஒட்டிய ப்ராஸ்பெக்ட் பாயிண்டில் அரைமணி நேரம் நில்லுங்கள், போதும். பூங்கா 24 மணி நேரமும் திறந்திருக்கும், நுழைவுக் கட்டணம் கிடையாது, வண்டி நிறுத்தத்துக்கு மட்டும் பணம்.

மூன்றாம் நாள்: அருவி

இந்த நாள் முழுவதும் அருவிக்கே.

காலையில் சீக்கிரம் போவதற்கு இரண்டு காரணம். ஒன்று, கூட்டம் குறைவு. இன்னொன்று, அமெரிக்கப் பக்கத்தில் நின்றால் நாம் மேற்கே பார்த்து நிற்போம், சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும். வெயில் மட்டும் இருந்தால் சாரலில் வானவில் தெரியும். தண்ணீரையும் சொல்ல வேண்டும். ஆற்றில் வருவதில் பெரும்பகுதியை இரு நாடுகளும் மின்சாரத்துக்குத் திருப்புகின்றன. 1950-ல் போட்ட ஒப்பந்தப்படி ஏப்ரல் முதல் அக்டோபர் வரை பகலில் வினாடிக்கு 1,00,000 கனஅடியாவது அருவியில் விழ வேண்டும். இரவில் அதில் பாதிதான் கட்டாயம். பகலில் பார்ப்பதுதான் முழு அருவி.

முதலில் கோட் ஐலண்ட். அமெரிக்க அருவிக்கும் குதிரைலாட அருவிக்கும் நடுவே இருக்கும் தீவு. பாலம் வழியாகக் காரிலேயே போகலாம். வண்டியை நிறுத்திச் சிறிது நடந்தால் டெரப்பின் பாயிண்ட். கைக்கு எட்டும் தூரத்தில் பச்சைத் தண்ணீர் கண்ணாடிப் பலகைபோல் வழுக்கிக்கொண்டு வந்து, விளிம்பில் உடைந்து வெள்ளையாகும். 57 மீட்டர் ஆழம். சத்தத்தில் பேச்சு கேட்காது, பேசவும் வேண்டாம். ஒரு அரைமணி நேரம் எந்தப் புகைப்படமும் எடுக்காமல் அவர்களை அவர்கள் பாட்டுக்குப் பார்க்க விடுங்கள். முழங்கால் வலியால் வேறு எதுவும் முடியாது என்றாலும் இந்த ஓர் இடம் போதும், நயாகரா பார்த்தாகிவிட்டது.

அப்பா மின்வாரியத்திலோ தொழிற்சாலையிலோ வேலை பார்த்தவர் என்றால், தீவில் இருக்கும், மாறுமின்சாரத்துக்கு வழிகாட்டிய விஞ்ஞானி நிக்கோலா டெஸ்லாவின் சிலையைக் காட்டுங்கள். மாறுமின்சாரம் இங்கிருந்துதான் 1896-ல் பஃபலோ நகரத்துக்கு, இருபது மைலுக்கு மேல் கம்பியில் போனது. அவருக்கு இன்னும் ஆர்வம் இருந்தால் மறுநாள் காலை ஊரைவிட்டுக் கிளம்பும்போது லூயிஸ்டனில் உள்ள பவர் விஸ்டாவுக்குப் போகலாம். 1961 முதல் ஓடும் ராபர்ட் மோசஸ் நீர்மின் நிலையத்தின் காட்சியகம் அது. அனுமதி இலவசம், உட்கார இடமும் உண்டு.

அடுத்து மெய்ட் ஆஃப் தி மிஸ்ட் படகு. 1846-ல் இந்தப் பெயரில் முதல் படகு ஓடியது. இப்போது ஓடுபவை 2020-ல் வந்த மின்சாரப் படகுகள், டீசல் வாடையே கிடையாது. ப்ராஸ்பெக்ட் பாயிண்டில் இருக்கும் பார்வைக் கோபுரத்திலிருந்து லிஃப்டில் கீழே இறங்க வேண்டும். அம்மா "படகெல்லாம் எனக்கு வேண்டாம், நீங்க போயிட்டு வாங்க" என்று சொல்வார். உடனே வற்புறுத்தாமல், கோபுரத்தின் மேலிருந்தே படகு போய் வருவதை ஒருமுறை பார்க்க விடுங்கள். சின்னக் குழந்தைகளும் சக்கர நாற்காலியில் இருப்பவர்களும் ஏறி இறங்குவதைப் பார்த்ததும் பாதிப் பயம் போய்விடும். அப்புறமும் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள், ஒருவர் கூட இருங்கள்.

ஏறும் முன் நீல நிற பிளாஸ்டிக் அங்கி தருவார்கள். சேலைக்கு மேல் அதை மாட்ட ஒரு முறை இருக்கிறது. முந்தானையை முதலில் இடுப்பைச் சுற்றி இறுகச் செருகி, கைப்பையை உடம்போடு சேர்த்து மாட்டி, அதன்மேல் அங்கியைப் போட வேண்டும். பையை அங்கிக்கு வெளியே மாட்டினால் நனைந்துவிடும். தலைமறைப்பைக் கழுத்துக்குக் கீழே முடிச்சுப் போட்டுவிடுங்கள், காற்றில் பறக்கும். காது கேட்கும் கருவி இருந்தால் கழற்றி ஜிப் பையில் போடுங்கள். மேல்தளத்துக்கு ஓடாமல் கீழ்த்தளத்தில் கம்பியைப் பிடித்து நிற்கச் சொல்லுங்கள், படி ஏறும் வேலை இல்லை. மொத்தம் இருபது நிமிடம்தான். குதிரைலாடத்தின் உள்வளைவுக்குள் போய்ப் படகு நிற்கும்போது மூன்று பக்கமும் தண்ணீர்ச் சுவர், கண்ணாடி மங்கி ஒன்றும் தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைக்க உள்ளே ஒரு காய்ந்த கைக்குட்டை இருக்கட்டும். இறங்கியபின் அமெரிக்க அருவியின் ஓரமாக ஏறும் படிக்கட்டு ஒன்று இருக்கும். முழங்கால் வலி இருந்தால் அதை விட்டு லிஃப்டுக்கே திரும்புங்கள்.

காருக்கு வந்ததும் சாக்ஸை மாற்றி, காலைத் துடைத்து, பிளாஸ்கில் இருந்து சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். மத்தியானச் சாப்பாட்டுக்கு நான் கோட் ஐலண்டை ஒட்டிய த்ரீ சிஸ்டர்ஸ் தீவுகள் பக்கத்தைத்தான் சொல்வேன். மரநிழல், பாறைகளுக்கு நடுவே சுழித்து ஓடும் ஆறு, கூட்டமும் குறைவு. ஆனால் ஆற்றில் கால் நனைக்க யாரையும் விடாதீர்கள். ஊரில் குற்றாலமும் ஒகேனக்கலும் பார்த்துப் பழகியவர்களுக்குத் தண்ணீரைக் கண்டதும் கால் தானாகப் போகும். இந்த ஆறு இழுத்துக்கொண்டு போனால் அடுத்தது அருவிதான்.

கேவ் ஆஃப் தி விண்ட்ஸை மத்தியானத் தூக்கத்துக்கு அப்புறம் முடிவு செய்யுங்கள். லிஃப்டில் பள்ளத்தாக்குக்குள் இறங்கி, மஞ்சள் அங்கியும் அவர்களே தரும் செருப்பும் போட்டுக்கொண்டு, மரப்பாதையில் ஏறி அருவியின் காலடிக்கே போவது. மேல்மேடையில் நிற்க முடியாத அளவுக்குத் தண்ணீர் அறையும். எல்லாமே ஈரப் படிகள். திடமாக நடக்கும் அப்பாக்களுக்குச் சரி. மற்றவர்கள் கீழ்மேடைகளிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பலாம். இடுப்பு, மூட்டு அறுவை சிகிச்சை செய்தவர்களுக்கு நான் வேண்டாம் என்றே சொல்வேன்.

சொல்லாததைப் புரிந்துகொள்வது

"எனக்கு ஒண்ணும் இல்லப்பா" என்றால் கால் வலிக்கிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். "பசிக்கல" என்றால் இந்த இடத்துச் சாப்பாடு பிடிக்கவில்லை. டிக்கெட் கவுண்டரில் நின்றதும் அம்மாவின் மனசு டாலரை ரூபாயாக்கிப் பெருக்கத் தொடங்கிவிடும், உடனே "நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்" என்பார். அதனால் டிக்கெட்டுகளை முன்பே ஆன்லைனில் வாங்கி போனில் வைத்துவிடுங்கள், விலையைப் பற்றிய பேச்சே எழாது. அப்பாவுக்கு வேறு சங்கடம்: மகன், மகள் எல்லாவற்றுக்கும் செலவு செய்வதைப் பார்த்துக்கொண்டு சும்மா நிற்பது. காலையிலேயே அவர் பையில் கொஞ்சம் டாலர் கொடுத்து, "ஐஸ்கிரீம், காபியெல்லாம் உங்க கணக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பேரப்பிள்ளைகளுக்கு அவரே போய் வாங்கி வருவார்.

இருவர் சட்டைப்பையிலும் கைப்பையிலும் ஒரு சின்ன அட்டை இருக்க வேண்டும். அவர்கள் பெயர், உங்கள் போன் எண், ஓட்டல் பெயர், மருந்து ஒவ்வாமை. அவர்கள் போனில் இங்கத்திய சிம் இருக்கட்டும். வைஃபை இல்லாத இடத்தில் வாட்ஸ்அப்பை நம்ப முடியாது. கூட்டத்தில் பிரிந்தால் எங்கே வந்து நிற்பது என்று ஒரு இடத்தை நேரில் காட்டி, "இந்தக் கொடிக்கம்பம்" என்று சொல்லி வையுங்கள்.

நான்காம் நாள்: திரும்பும் வழி

ஒரே நாளில் திரும்பலாம், வீட்டுக்குப் போகிறோம் என்றால் பெரியவர்களுக்கும் தெம்பு வந்துவிடும். அதற்குக் காலை எட்டு மணிக்குக் கிளம்ப வேண்டும். பவர் விஸ்டா போகும் எண்ணமிருந்தால் அன்றிரவும் வழியில் தங்குங்கள், இரண்டையும் ஒரே நாளில் அடைக்க வேண்டாம். ஐ-90-ல் கிழக்கே சிராக்கியூஸ் வந்து ஐ-81-ல் தெற்கே இறங்கினால் ஒரேயடியாக நெடுஞ்சாலை, ஓய்விடங்களும் நிறைய. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் ஓட்டுபவருக்குக் கண் சொருகும், அந்த நேரத்துக்கு இரண்டாவது ஆள் ஸ்டியரிங்கைப் பிடிக்கட்டும். இருட்டும் முன் பென்சில்வேனியா மலைப்பகுதியைத் தாண்டிவிடுவது நல்லது, சாயங்காலங்களில் மான்கள் சாலைக்கு வரும்.

வந்த மறுநாள் யாரையும் சாப்பிடக் கூப்பிடாதீர்கள். கால்களை வெந்நீரில் வைத்து, வீங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நீண்ட நேரம் உட்கார்ந்து வந்தபின் ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும் இருந்தால் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். இல்லையென்றால் இரண்டு நாள் ஓய்வு, அதன்பின் வாஷிங்டன் எப்போது என்று அவர்களே கேட்பார்கள்.